போன் கேபிள்: 2 வெள்ளியா, 20 வெள்ளியா?

11 ஜூன் 2025, சிங்கப்பூர் செங்காங்ல இருக்கிற தம்பி கேட்டது (வெள்ளின்னா நம்ம சிங்கப்பூர் டாலர்)

எல்லாம் உள்ள செம்புக்கம்பிதானே? 2 வெள்ளி கேபிளும் 20 வெள்ளி கேபிளும் ஒரே வேலையத்தான் செய்யுது, மிச்ச 18 வெள்ளி டப்பாவுக்கும் பேருக்கும். இல்லேன்னு சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க பாப்போம்.

12 ஜூன், ராத்திரி 11.20

தம்பி, செம்புதான், ஒத்துக்கிறேன். தேக்கா சந்தையில தொங்குறது எல்லாம் ஆட்டுக்கறிதான், அதுக்காக தொடைக்கும் கழுத்துக்கும் ஒரே வெலையா? உள்ள எவ்வளவு செம்பு இருக்குங்கிறதுதான் பேச்சு. நான் பில்டிங் மெயின்டனன்ஸ்ல எலக்ட்ரிக்கல் பாக்குறவன், இருபத்திரெண்டு வருஷமா வயரோடதான் பொழப்பு, அதனால இந்த விஷயத்துல வாய் கொஞ்சம் நீளும்.

என் கதையச் சொல்றேன். போன மாசம் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கடையில 2 வெள்ளி 50 காசுக்கு ஒரு கேபிள் வாங்குனேன். ஒரு வாரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ராத்திரி சொருகிட்டுப் படுத்தா காலையில 43 சதவீதம். கொஞ்சம் அசைச்சா ஏறும், விட்டா நின்னுடும். கைக்குழந்தைய தூங்க வைக்கிற மாதிரி போனை ஒரு பக்கமா சாய்ச்சு வச்சிட்டு மூச்சு விடாம எழுந்து போகணும். அந்தக் கேபிள் என் போனோட போர்ட்டையே கெடுத்துடுச்சுன்னு நெனக்கிறேன். இன்னைக்கு 18 வெள்ளிக்கு புதுசு வாங்கிட்டேன். என் ஓட்டு 20 வெள்ளிக்கு.

13 ஜூன், கோப்பி நேரம்

நேத்து சொன்னதுக்கு கணக்கு எங்கேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார், நியாயம்தான். கம்பி தடிமனை ஏடபிள்யூஜின்னு ஒரு நம்பர்ல சொல்வாங்க, நம்பர் ஏற ஏற கம்பி மெலிசு, தலைகீழ் கணக்கு. 28ஆம் நம்பர் கம்பி கரண்டுக்குக் குடுக்குற தடை ஒரு மீட்டருக்கு 0.21 ஓம் கிட்ட வரும். கரண்ட் போனா மட்டும் போதுமா, திரும்பியும் வரணும்ல, அப்ப ஒரு மீட்டர் கேபிளுக்கு 0.42. அதுல 2 ஆம்பியர் ஓடுனா 0.85 வோல்ட் வழியிலேயே காலி, அடாப்டர் 5 வோல்ட் குடுத்தா போன் வாயில விழுறது 4.15 தான். அதே கேபிள 24ஆம் நம்பர் கம்பியில செஞ்சிருந்தா 0.34 வோல்ட்தான் தின்னும். போன் ஒண்ணும் முட்டாள் இல்ல, வோல்டேஜ் விழுறதப் பாத்ததும் இழுக்குறத கொறச்சுக்கும், அதைத்தான் நாம ஸ்லோ சார்ஜிங்னு திட்டிக்கிட்டு இருக்கோம். ரெண்டு மீட்டர் கேபிள்னா நஷ்டமும் ரெண்டு மடங்கு. கட்டில் வரைக்கும் வரணும்னு மெலிசு கம்பியில மூணு மீட்டர் வாங்குறவங்களுக்கு என் அனுதாபம், எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு.

புது அடாப்டருங்க 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட்னு ஏத்திக் குடுக்குறதும் இதுக்குத்தான். வாட் அதேதான், ஆம்பியர் கொறையும், வழியில போற நஷ்டமும் கொறையும். நம்ம புளோக்குக்குக் கீழ இருக்கிற சப்ஸ்டேஷனுக்கு 22,000 வோல்ட்ல கொண்டாந்துட்டு அப்புறம் வீட்டுக்கு 230 ஆக்கி விடுறாங்கல்ல, அதே புத்தி.

15 ஜூன், மத்தியானம்

அசிங்கமாப் போச்சு. 12ஆம் தேதி எழுதுனதுல பாதிய திரும்ப வாங்கிக்கிறேன்.

18 வெள்ளி கேபிளும் அதே மாதிரி ஆடுது, அதே மாதிரி அசைச்சாதான் ஏறுது. வேலையிடத்துல கூட இருக்கிற மலாய்க்கார நண்பர்கிட்ட புலம்பினேன். அவர் பேசவே இல்ல, போனை வாங்கி டார்ச் அடிச்சுப் பாத்தார், போனை ஆஃப் பண்ணச் சொன்னார், சாப்பாட்டுக் கடை டப்பாவுல இருந்து ஒரு பல்குச்சிய எடுத்து மெதுவா போர்ட்டுக்குள்ள ஓரமா விட்டு நெம்புனார். வந்துச்சு பாருங்க, ஒரு உளுந்து அளவுக்கு சாம்பல் கலர்ல பஞ்சு, அழுத்தி அழுத்தி கெட்டியா கம்பளி மாதிரி ஆயிருக்கு. என் பேன்ட் பாக்கெட்டுல இருந்து நாலு வருஷமா சேத்து வச்ச சொத்து. ஒவ்வொரு தடவ கேபிள சொருகும்போதும் நானே அத உள்ள தள்ளி இடிச்சு வச்சிருக்கேன், அதனால பிளக் முழுசா உள்ள போகல. பஞ்சு வந்ததும் டிக்குன்னு ஒரு சத்தத்தோட உக்காந்துச்சு. அந்த சத்தத்த நான் மறந்தே போயிருந்தேன்.

ஆக 2.50 கேபிள் நிரபராதி. கடைக்காரர மனசுக்குள்ள திட்டுனதுக்கு மன்னிப்பு.

இதுல ஒரு நல்ல விஷயம் சொல்லணும், இப்ப போன்ல வர்ற இந்த டைப் சி போர்ட்ட வடிவமைச்சவங்க பிடிச்சு நிறுத்துற ஸ்பிரிங்க போன் பக்கம் வைக்காம கேபிள் பிளக்குல வச்சிருக்காங்க. தேய்ஞ்சா கேபிள் தேயட்டும், போன் பிழைச்சுக்கட்டும்னு. 10,000 தடவ சொருகி எடுக்கலாம்னு கணக்கு. அதனால ஆட்டம் குடுத்தா முதல்ல பஞ்சப் பாருங்க, அப்புறம் கேபிள மாத்திப் பாருங்க, அதுக்கப்புறம் போதும் ரிப்பேர் கடை.

15 ஜூன், சாயங்காலம்

அவசரக் குறிப்பு. மரப் பல்குச்சி. ஊக்கு இல்ல, கொண்டை ஊசி இல்ல. என் வீட்டுக்காரம்மா மேல எழுதுனதப் படிச்சிட்டு ஊக்கோட வந்து நிக்கிறாங்க.

22 ஜூன், ஞாயிறு

சிம் லிம் டவர் போய் 16 வெள்ளிக்கு ஒரு சின்ன மீட்டர் வாங்கிட்டேன். சிம் லிம் ஸ்குவேர் இல்ல, அதுக்குப் பக்கத்துல சாமான் உதிரி விக்கிற அந்த பில்டிங். கேபிளுக்கும் போனுக்கும் நடுவுல சொருகினா வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும். வீட்ல இருந்த அத்தனை கேபிளையும் சாப்பாட்டு மேசையில பரப்புனேன், பதினாலு. எங்க சோறு வைக்கிறதுன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க, பதில் சொல்லல.

2.50 கேபிள், ஒன்றரை மீட்டர்: அடாப்டர் பக்கம் 5.1, போன் பக்கம் 4.3, கரண்ட் 1.1 ஆம்பியர்ல நின்னுடுச்சு. மேல போகவே மாட்டேங்குது. சரி, 13ஆம் தேதி கணக்கோட ஒத்துப்போகுது, எனக்கே ஒரு பெருமை.

ஆனா அடுத்தது. ரோட்ஷோவுல 12 வெள்ளிக்கு வாங்குன கேபிள், மேல நைலான் பின்னல், தாம்புக்கயிறு மாதிரி தடிமன், கையில எடுத்தாலே ஒரு மரியாதை வரும். அதுவும் 4.3 தான்! கோபத்துல கட்டர் எடுத்து நடுவுல வெட்டிட்டேன். உள்ள பருத்தி நூல் திரி. நூலுக்கு நடுவுல தலைமுடி மாதிரி ரெண்டே ரெண்டு கம்பி, சிவப்பும் கருப்பும். டேட்டா கம்பி ரெண்டும் கெடையவே கெடையாது, அதான் அத கம்ப்யூட்டர்ல போட்டா போன் தெரியாம இருந்திருக்கு, நான் கம்ப்யூட்டர திட்டிக்கிட்டு இருந்தேன். சட்டை மேல சட்டை போட்ட ஒல்லிப்பிச்சான்.

பதினாலுல முதல் மார்க் யாருக்கு தெரியுமா? பழைய டேப்லெட்டோட டப்பாவுல வந்த மொட்டை வெள்ளைக் கேபிள், கழுத்து லேசா மஞ்சளாயிடுச்சு, யாரும் தொடாம டிராயர்ல கெடந்தது. 18 வெள்ளி புதுசு ரெண்டாவது.

ஆக செங்காங் தம்பி பாதி சரி. வெலை பாத்து உள்ள என்ன இருக்குன்னு சொல்ல முடியாது. ஆனா எல்லாம் ஒண்ணுன்னு சொன்னது தப்பு.

24 ஜூன்

உட்லண்ட்ஸ் அக்கா கேட்டது: லேப்டாப்புக்கு 65 வாட் சார்ஜர்தான் போட்டிருக்கேன், ஆனா மெதுவா சார்ஜ் ஆகுதுன்னு மெசேஜ் வருதே, சார்ஜர் டூப்ளிகேட்டா?

அக்கா, சார்ஜர் மேல சந்தேகப்படுறதுக்கு முன்னாடி கேபிளப் பாருங்க. ரெண்டு பக்கமும் சி இருக்கிற சாதாரண கேபிள் 3 ஆம்பியர் வரைக்கும்தான். 20 வோல்ட்ல 3 ஆம்பியர், 60 வாட், கதவு மூடிடுச்சு. அதுக்கு மேல 5 ஆம்பியர் போகணும்னா கேபிள் பிளக்குக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கணும், இ-மார்க்கர்னு பேரு. சார்ஜர் அந்த சிப்பக் கூப்பிட்டு 'நீ எவ்வளவு தாங்குவ'ன்னு கேக்கும், பதில் வரலேன்னா 3க்கு மேல விடாது. உங்க 65 வாட்டுக்கு 3.25 ஆம்பியர் வேணும், கால் ஆம்பியர்ல மாட்டிக்கிட்டீங்க. 100 வாட் இல்லேன்னா 240 வாட்னு எழுதியிருக்கிற கேபிள் வாங்குங்க. 240ங்கிறது 2021ல வந்த புது அளவு, 48 வோல்ட், 5 ஆம்பியர். உங்க லேப்டாப் அத்தனையும் இழுக்காது, பயப்படாதீங்க, பெரிய பாத்திரத்துல கொஞ்சமா சமைக்கிற மாதிரிதான்.

சாம்சங்ல 45 வாட்னு சொல்ற போனுக்கும் இதே 5 ஆம்பியர் கேபிள்தான் வேணும். ஓப்போ, ஒன்பிளஸ் வச்சிருக்கவங்களுக்கு வேற கதை, அவங்களோட சூப்பர்வூக் வேகம் முழுசா வேணும்னா அவங்க கேபிளே வேணும், வெளி கேபிள் போட்டா சார்ஜ் ஆகும், அந்த ஓட்டம் இருக்காது.

2 ஜூலை

'சேஃப்டி மார்க் பாத்து கேபிள் வாங்குங்க'ன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். நல்ல மனசு, ஆனா இங்க சிங்கப்பூர்ல அந்த ஸ்டிக்கர் சுவத்துல சொருகுற அடாப்டருக்கு. 230 வோல்ட் தொடுற சாமான் அதுதான். அடாப்டர்ல சேஃப்டி மார்க் இல்லேன்னா கேபிள் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வேணாம், கேபிள்ல தப்பு நடந்தா போன் போகும், அடாப்டர்ல தப்பு நடந்தா வீடு.

அப்புறம், கேபிளால நெசமாவே சாமான் கெட்டுப்போகுமா, நீங்க மெரட்டுறீங்கன்னு இன்னொருத்தர். கெடும். கூகுள்ல வேலை பாத்த பென்சன் லியூங்னு ஒரு இன்ஜினியர் 2015ல இருந்து கடையில விக்கிற சி கேபிளுங்கள ஒண்ணொண்ணா வாங்கி சோதிச்சு அமேசான்ல விமர்சனம் எழுதிக்கிட்டு இருந்தார். 2016 பிப்ரவரியில ஒரு கேபிள சொருகினதும் அவரோட குரோம்புக் பிக்சல் லேப்டாப் காலி. பவர் கம்பியும் கிரவுண்ட் கம்பியும் உள்ள மாத்தி இணைச்சிருந்திருக்கு. சோதிக்கிறவருக்கே அந்த கதி. அடுத்த மாசமே அமேசான் விதிமுறைக்கு ஒத்துவராத சி கேபிள விக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

அவர் ஓயாம சொன்ன இன்னொண்ணு, ஒரு பக்கம் பழைய சப்பட்டை ஏ, இன்னொரு பக்கம் சி இருக்கிற கேபிள்ல 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கணும். அதுக்குப் பதிலா 10 கிலோ ஓம் போட்டு வச்சா அது போன்கிட்ட 'அந்தப் பக்கம் 3 ஆம்பியர் இருக்கு, இழு'ன்னு பொய் சொல்லும். அந்தப் பக்கம் இருக்கிறது பழைய லேப்டாப்போட வயசான போர்ட்டு. அவ்வளவு தாங்காது, பாவம்.

அதனால என் முடிவு: ஏ டு சி கேபிள் அத்தனையும் குப்பையில போடுங்க. சி டு சி மட்டும் வச்சுக்குங்க.

19 ஜூலை

மேல எழுதுனத செய்யாதீங்க. நான் செஞ்சுட்டேன்.

மகளுக்கு பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, கையில பிடிக்கிற குட்டி ஃபேன் வாங்கிக் குடுத்தேன், சி போர்ட்டு. சி டு சி கேபிள்ல போட்டா லைட் கூட எரியல. மாத்தித் திருப்பிப் போட்டாலும் இல்ல. கடைக்காரர்கிட்ட கொண்டு போனா அவர் ஒரு பழைய ஏ டு சி கேபிள எடுத்து சொருகுறார், ஜம்முனு எரியுது, என்னை ஒரு பார்வை பாத்தார். காரணம் என்னன்னா, சாமான் பக்கம் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தாதான் சி சார்ஜர் 'யாரோ இருக்காங்க'ன்னு கரண்ட் விடும். மலிவு ஃபேன், டார்ச், ஸ்பீக்கர்ல அந்த ரெசிஸ்டர மிச்சம் பிடிச்சிடுறாங்க. ஏ பக்க அடாப்டர் அதெல்லாம் கேக்காது, கதவத் தொறந்தே வச்சிருக்கும். இங்க குத்தம் கேபிள் மேல இல்ல, ஃபேன் மேல.

குப்பையில போட்டது ஆறு. திரும்ப ஒண்ணு வாங்குனேன், 6 வெள்ளி. யாரும் சிரிக்க வேணாம்.

10 ஆகஸ்ட்

தேசிய தின வாணவேடிக்கைய மகன் முழுசா போன்ல எடுத்திருக்கான், எஸ்ஜி60, சிங்கப்பூருக்கு அறுபது வயசு ஆச்சே. ஐபோன் 15 ப்ரோ. கம்ப்யூட்டருக்கு மாத்த டப்பாவுல வந்த கேபிள சொருகிட்டு உக்காந்தா, உக்காந்தே இருக்கோம். அந்த போன்ல 10 ஜிகாபிட் வேகம் இருக்கு, ஆனா டப்பாவுல வர்ற கேபிள் யூஎஸ்பி 2, 480 மெகாபிட், இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின வேகம். சார்ஜுக்கு நல்ல கேபிள், வீடியோ மாத்த மாட்டுவண்டி. மெதுவான கேபிளும் வேகமான கேபிளும் பிளக்கப் பாத்தா ஒரே மாதிரி இருக்கு, அதான் இந்த சி போர்ட்டோட சாபம், வாயெல்லாம் ஒண்ணு, வயிறு வேற வேற. வேகமா மாத்துற கேபிள் தடிமனா, குட்டையா இருக்கும், ஒரு மீட்டருக்குள்ள வாங்குங்க.

அவன் இன்னைக்கு ராத்திரி புக் இன், தேசிய சேவை கேம்ப்புக்குத் திரும்பணும். வீடியோ இன்னும் முடியல.

14 செப்டம்பர், திருச்சியில இருந்து

ஒரு காலத்துல சிங்கப்பூர்ல இருந்து வர்றேன்னா கோடாலித் தைலம் எத்தனை பாட்டில்னு கேப்பாங்க. இப்ப மச்சான் பையன் வாட்சப்புல கேபிள் லிஸ்ட் அனுப்புறான், எத்தனை வாட், எத்தனை மீட்டர்னு. என்னைவிட தெளிவா இருக்கான். நம்ம சதுர மூணு கால் அடாப்டர கொண்டு வராதீங்க, இங்க உருண்டைக் கால், கேபிள் மட்டும் போதும்னு அவனே சொல்லிட்டான்.

ஸ்கூட் விமானத்துல வந்தேன். ஏப்ரல் 1ல இருந்து ஸ்கூட், எஸ்ஐஏ (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்) ரெண்டுலயும் விமானத்துல பவர்பேங்க்ல போன் சார்ஜ் போடக் கூடாது, பவர்பேங்குக்கும் சார்ஜ் போடக் கூடாது. எனக்குப் பக்கத்து சீட்டு பெரியவர் இது தெரியாம பவர்பேங்க கேபிளோட எடுத்துட்டார், பணிப்பெண் வந்து அமைதியா சொன்னதும் 'கேபிள்ல என்னம்மா தப்பு'ன்னு கேட்டார். கேபிள்ல தப்பில்லய்யான்னு நான் ஆரம்பிச்சா இறங்குறவரைக்கும் முடிக்க மாட்டேன், அதனால தூங்குற மாதிரி இருந்துட்டேன்.

18 அக்டோபர்

தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது கேபிள் டிராயர தொறந்தாச்சு. பழைய ஐபோனோட லைட்னிங் கேபிள் மூணு, ஒண்ணுல நடு முள் ஒண்ணு கருகின மாதிரி கருப்பா இருக்கு. நம்ம ஊர் ஈரம், வேர்வை, அதோட கரண்ட், அப்படித்தான் ஆகும். கருப்பு முள் கேபிள வேற போன்ல போட்டுப் பாக்காதீங்க, தூக்கிப் போடுங்க.

கழுத்து பிஞ்சதுங்க அஞ்சு. எல்லாம் பிளக்குக்குக் கீழ அரை இஞ்சுல பிஞ்சிருக்கு. படுத்துக்கிட்டு போனை நெஞ்சு மேல நிறுத்தி சார்ஜ் போட்டுக்கிட்டே பாக்குறது எங்க வீட்டு மொத்த ஜனமும், என்னையும் சேத்து. நைலான் பின்னல் இதுக்கு ஒண்ணும் செய்யாது, கழுத்துல நீளமான ரப்பர் இருக்கான்னு பாருங்க, கடையிலேயே விரலால வளைச்சுப் பாருங்க, சுள்ளுன்னு ஒடியாம உருண்டையா வளையணும். அடாப்டர பிடுங்கும்போது வயரப் பிடிச்சு இழுக்குறவங்ககிட்ட நான் பேசுறதில்ல.

அடிக்கடி கேக்குறாங்க, கடைசியா எத வாங்குறதுன்னு. நான் இப்ப வாங்குறது: ஒரு மீட்டர், சி டு சி, டப்பாவுல எத்தனை வாட், எத்தனை ஆம்பியர்னு தெளிவா போட்டிருக்கணும், 'சூப்பர் ஃபாஸ்ட்'னு மட்டும் எழுதியிருந்தா திரும்ப வச்சிடுவேன். சாதா போனுக்கு 60 வாட், லேப்டாப்புக்கும் மேல சொன்ன 45 வாட் சாம்சங்குக்கும் 240. 8ல இருந்து 15 வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும். ரசீது குடுத்து மாத்தித் தர்ற கடை. அவ்வளவுதான். 2 வெள்ளி கேபிள் ஒண்ணு பையில கெடக்கட்டும், மழைக்கு பிளாஸ்டிக் குடை மாதிரி.

எது என்னன்னு கொழம்பாம இருக்க மகளோட நகப்பாலிஷ்ல பிளக்குல பொட்டு வச்சிட்டேன். சிவப்பு 5 ஆம்பியர், நீலம் சாதா, ஃபேனோட ஏ டு சிக்கு மஞ்சள். மங்களகரமா இருக்கு.

9 நவம்பர்

சிவப்புப் பொட்டு கேபிள காணோம், 18 வெள்ளி போட்டு வாங்குனது. வீடு பூரா தேடியாச்சு. மகனுக்கு மெசேஜ் போட்டா கேம்ப்ல இருந்து பதில் வருது: "அப்பா, எங்க பங்க் ரூம்ல எல்லாரும் இதத்தான் கடன் கேக்குறாங்க, செம ஸ்பீட்."

நான் 2.50ல போட்டுட்டு உக்காந்திருக்கேன். மீட்டர் 4.3 காட்டுது. செங்காங் தம்பி, ஒண்ணும் சொல்லாதீங்க, விடியிறதுக்குள்ள ஏறிடும்.